ஏழு பட்டங்கள், இரண்டு மேட்ச் பாயிண்டுகள்

2025 ஜூலை 12 அன்று விம்பிள்டன் மகளிர் இறுதி ஆட்டம் 57 நிமிடத்தில் முடிந்துபோனது. இகா ஸ்வியாடெக் 6-0, 6-0 என்று, ஒரு கேம்கூட விட்டுக்கொடுக்காமல் அமண்டா அனிசிமோவாவை வென்றார். அன்று மாலைக்குள் எல்லாச் செய்திகளிலும் ஒரே வரி ஓடியது: 1911-க்குப் பிறகு விம்பிள்டன் மகளிர் இறுதியில் இப்படி நடப்பது இதுவே முதல் முறை. சில இடங்களில் அந்த 1911-ஆம் ஆண்டுக்காரரின் பெயரும் வந்தது: டோரத்தியா லாம்பெர்ட் சேம்பர்ஸ். வந்த வேகத்தில் போயும்விட்டது. ஏழு முறை விம்பிள்டன் வென்றவர், பதினொரு முறை இறுதிவரை வந்தவர், நாற்பது வயதில் பிரெஞ்சு வீராங்கனை சுசான் லெங்லென்னை ஒரே ஒரு புள்ளி மிச்சம் என்ற இடத்துக்குத் தள்ளியவர் என்பதையெல்லாம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஒரு ஸ்கோர் நூறாண்டு கழித்துத் திரும்ப வந்தது, அவ்வளவுதான் செய்தி.

அந்த ஒப்பீடே சரியில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. ஸ்வியாடெக் அந்தக் கோப்பைக்காக இரண்டு வாரத்தில் ஏழு ஆட்டம் ஆடினார். 1911-இல் சேம்பர்ஸ் ஆடியது அந்த ஒரே ஆட்டம். முதல் சுற்றும் கிடையாது, அரையிறுதியும் கிடையாது. இந்த விஷயம் தெரிய வந்ததும் பலர் நேர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்: "அப்படியானால் அந்த ஏழு பட்டமும் ஓசியில் வந்ததுதானே?" முதல் கருத்து அறியாமையால் வருவது. இரண்டாவது, பாதி தெரிந்ததால் வருவது. இரண்டாவதைத்தான் விடாமல் மறுக்க வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருப்பது போலவே தெரியும்.

காத்திருக்கும் சாம்பியன்

விம்பிள்டன் மகளிர் போட்டியில் 1886 முதல் 1921 வரை சவால் சுற்று என்றொரு முறை இருந்தது. நடப்புச் சாம்பியன் போட்டியில் கலந்துகொள்ள மாட்டார், காத்திருப்பார். மற்ற எல்லாரும் சுற்றுச் சுற்றாக ஆடி, கடைசியில் நிற்கிறவர் சாம்பியனோடு மோதும் உரிமையைப் பெறுவார். அந்த ஒரே ஆட்டத்தில் யார் வெல்கிறாரோ அவருக்கே அந்த ஆண்டின் பட்டம். நடப்புச் சாம்பியன் வரவில்லை என்றால், மற்றவர்களுக்குள் நடந்த இறுதி ஆட்டத்தில் வென்றவரே சாம்பியன். 1922-இல் விம்பிள்டன் பழைய வொர்ப்பிள் சாலை மைதானத்தை விட்டு இப்போதிருக்கும் சர்ச் சாலைக்குக் குடிபெயர்ந்தபோது இந்த முறையையும் கைவிட்டார்கள். ஆகவே 1921 வரையிலான பட்டியலில் ஒரு வெற்றியைப் பார்த்தால், அந்த ஆண்டு அவர் சவால் விட்டவரா, காத்திருந்தவரா என்று கேட்காமல் அதன் எடையைச் சொல்ல முடியாது.

சேம்பர்ஸின் ஏழையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். 1903, 1906, 1910, 1913 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவர் முதல் சுற்றுகளிலிருந்து ஆடி மேலே வந்து வென்றார். 1904, 1911, 1914 ஆகிய மூன்றில் காத்திருந்து, ஒரே ஆட்டத்தில் பட்டத்தைத் தக்கவைத்தார். 1903-லும் 1913-லும் நடப்புச் சாம்பியன்கள் வராததால் சவால் சுற்றே நடக்கவில்லை. களமும் சிறியது. இன்றைய 128 பேருக்கு அன்று சில டஜன் பேர். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் காத்திருப்பது உண்மையிலேயே சலுகைதானா? சேம்பர்ஸ் ஒரு பக்கமாக நின்று ஆடிய சவால் சுற்றுகள் மொத்தம் ஒன்பது. 1905-இல் அவர் காத்திருந்தார், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மே சட்டன் சுற்றுகளைக் கடந்துவந்து 6-3, 6-4 என்று வென்றார். வெளிநாட்டிலிருந்து வந்து விம்பிள்டன் வென்ற முதல் ஆள் அவர்தான். 1906-இல் சட்டன் காத்திருந்தார், இவர் ஆடி வந்து 6-3, 9-7 என்று பட்டத்தை மீட்டார். 1907-இல் இவர் காத்திருந்தார், சட்டன் ஆடி வந்து 6-1, 6-4 என்று பறித்துக்கொண்டார். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகள், அதே இரண்டு பேர். மூன்று முறையும் வென்றது களைத்து வந்தவர், தோற்றது ஓய்வெடுத்தவர். 1910-இல் டோரா பூத்பி காத்திருந்தார், சேம்பர்ஸ் ஆடி வந்து வென்றார். 1919-இல் சேம்பர்ஸ் காத்திருந்தார், லெங்லென் ஆடி வந்து வென்றார். ஒன்பதில் ஐந்து சவால் விட்டவருக்கு, நான்கு காத்திருந்தவருக்கு. இலவசமாகக் கிடைத்த சலுகை இப்படிப் பாதிக்கு மேல் கைவிட்டுப் போகாது.

டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். புல்தரையில் பந்து தாழ்வாக எழும்பி வழுக்கிக்கொண்டு வரும். முதல் ஆட்டத்தில் எல்லாருக்குமே மட்டை தாமதமாகத்தான் போகும். முழங்காலை எவ்வளவு மடக்க வேண்டும், எந்தப் பந்தை எழும்பும் முன்பே எடுக்க வேண்டும், எந்த மூலையில் தரை தேய்ந்து பந்து சாகிறது என்பதெல்லாம் இரண்டு மூன்று ஆட்டம் போட்ட பிறகுதான் காலுக்கும் கைக்கும் தெரியும். எதிரே வருகிறவர் அதையெல்லாம் கற்று முடித்துவிட்டு, வரிசையாக வென்ற தெம்போடு நிற்கிறார். காத்திருந்தவரோ வேறெங்கோ பயிற்சி செய்துவிட்டு நேராக அந்த ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் இறங்குகிறார். தொடக்கத்திலேயே தடுமாறினால் தேறி எழுவதற்கு இரண்டே செட். கால் புத்துணர்ச்சியோடு இருக்கும் என்பது உண்மை. கண்ணும் கையும் துருப்பிடித்திருக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

ஈலிங் பெண்

டோரத்தியா டக்ளஸ் 1878 செப்டம்பர் 3-இல் லண்டனை ஒட்டிய ஈலிங்கில் பிறந்தார். அப்பா அந்த ஊர்த் தேவாலயத்தில் பாதிரியார். விம்பிள்டனில் அவர் முதலில் ஆடியது 1900-இல், லெங்லென் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது. பேட்மின்டனிலும் கெட்டிக்காரர். ஆல் இங்கிலாந்துப் போட்டியில் 1903-இல் பெண்கள் இரட்டையரிலும் 1904-இல் கலப்பு இரட்டையரிலும் பட்டம் வென்றார். 1907 ஏப்ரலில் ராபர்ட் லாம்பெர்ட் சேம்பர்ஸை மணந்தார். 1908 அவருக்குக் கலவையான ஆண்டு: விம்பிள்டனில் சார்லட் ஸ்டெரியிடம் காலிறுதியில் தோற்றார், அடுத்த சில நாட்களிலேயே அதே வொர்ப்பிள் சாலைப் புல்தரையில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் பேர் கொடுத்த பலர் ஆட வராமலே விலகியதால் அந்தத் தங்கத்தை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

பெரிதாகச் சொல்ல வேண்டியது 1909-உம் 1912-உம். இரண்டு ஆண்டும் அவர் விம்பிள்டனில் ஆடவில்லை, காரணம் பிள்ளைப்பேறு. இரண்டு முறையும் அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். வந்த ஆண்டுகள் 1910, 1913. அதாவது காத்திருக்கும் சலுகை இல்லாமல், முதல் சுற்றிலிருந்து ஆடி வென்ற ஆண்டுகள். குழந்தை பெற்ற பிறகு உடம்பை மீண்டும் போட்டித் தரத்துக்குக் கொண்டுவரப் பயிற்சியாளர் குழுவோ, சிறப்பு மருத்துவமோ, தரவரிசையைப் பாதுகாக்கும் விதியோ எதுவும் இல்லாத காலம் அது. 1914-இல் ஏழாவது பட்டத்தை வாங்கும்போது அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். அடுத்து ஒரு தாய் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வெல்ல 1980-இல் இவான் கூலகாங் வர வேண்டியிருந்தது, 66 ஆண்டு கழித்து.

பூத்பியோடு அவர் ஆடிய ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் 1911-இன் அந்தப் பிரபலமான ஸ்கோர் வேறு மாதிரித் தெரியும். 1908 ஒலிம்பிக் இறுதி: 6-1, 7-5. 1910 சவால் சுற்று: 6-2, 6-2. 1911 சவால் சுற்று: 6-0, 6-0. பூத்பி சாதாரண ஆள் இல்லை, சேம்பர்ஸ் இல்லாத 1909-இன் சாம்பியன். ஒரே எதிராளியின் ஆட்டத்தை மூன்று முறை படித்து, ஒவ்வொரு முறையும் கொடுக்கும் கேம்களைக் குறைத்துக்கொண்டே போன கணக்கு இது. ஆறு, நான்கு, கடைசியில் பூஜ்யம். எத்தல் லார்கம் கதையும் இப்படித்தான். 1903-இல் முதல் பட்டத்தின் கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றவர் எத்தல் தாம்சன். முதல் செட்டை இழந்து 4-6, 6-4, 6-2 என்று சேம்பர்ஸ் தப்பினார். அதே பெண் திருமணமாகி எத்தல் லார்கமாகி 1912-இல் சாம்பியனானார். 1913-இல் கலப்பு இரட்டையர் இறுதியில் பந்து பட்டு அடிபட்டதால் தன் பட்டத்தைக் காக்க அவரால் இறங்க முடியவில்லை. அந்தக் குறையோடுதான் சேம்பர்ஸின் ஆறாவது பட்டம் வந்தது. அடுத்த ஆண்டு லார்கம் சுற்றுகளைக் கடந்து சவால் விட வந்தார். சேம்பர்ஸ் 7-5, 6-4 என்று வென்று கணக்கை நேர் செய்தார். அந்த ஏழாவது பட்டம் பிளான்ச் ஹில்யார்டின் ஆறைத் தாண்டியது. அதை ஹெலன் வில்ஸ் 1938-இல் எட்டாக்கும் வரை யாரும் மீறவில்லை.

நீளம், இடம், பொறுமை

அவருடைய ஆட்டம் எதனால் ஓடியது என்று கேட்டால், கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனிலிருந்து ஆழமாக அடிக்கும் ஃபோர்ஹேண்ட், எதிராளியை முன்னே இழுக்கும் டிராப் ஷாட், பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே ஊகித்து அங்கே போய் நிற்பது, இந்த மூன்றும்தான். வேகம் இரண்டாம்பட்சம். இதை அவர் அணிந்த உடையோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கணுக்கால்வரை பாவாடை, உள்ளே பெட்டிகோட், இடுப்பை இறுக்கும் கார்செட், முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை. இந்த உடையில் பக்கவாட்டில் காலை அகலமாக எட்டி வைக்க முடியாது, கையைத் தலைக்கு மேல் முழுதாக நீட்டுவதும் சிரமம், ஈரப் புல்லில் பாவாடை விளிம்பு நனைந்தால் ஒவ்வொரு அடியும் கனக்கும். ஆகவே கடைசி நொடியில் ஓடிப் பாய்ந்து எடுக்கும் ஆட்டம் எடுபடாது. எதிராளி அடிக்கும் முன்பே நகர்ந்திருக்க வேண்டும்.

கோர்ட் நீளம் 78 அடி, ஒற்றையர் அகலம் 27 அடி, வலை நடுவில் மூன்றடி, கம்பத்தருகே மூன்றரை. பந்து எதிராளியின் பேஸ்லைனுக்கு மூன்று நான்கு அடிக்குள் விழுந்தால் அவர் பின்னால் நகர்ந்துதான் திருப்பி அடிக்க முடியும். அப்படி இரண்டு பந்து அடித்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மூன்றாவதை வலையோரம் மெல்ல விட்டால், 35 அடிக்கு மேல் முன்னால் ஓடி வர வேண்டும், அதுவும் நீளப் பாவாடையில். பெரும்பாலானோருக்கு அது முடியாது. டிராப் ஷாட்டில் தப்பு நடப்பது இரண்டு விதம். வலையை மிக உயரமாகத் தாண்டவிட்டால் பந்து மிதந்து நேரம் கொடுத்துவிடும். தாழ்வாக வைக்கப் போனால் வலையில் மாட்டும். முந்தைய பந்து ஆழமாக விழாமல் நடுக்கோர்ட்டில் விழுந்திருந்தால் எதிராளி ஏற்கெனவே முன்னால் இருப்பார், அப்போது எவ்வளவு அழகாக விட்டாலும் பயனில்லை. சேம்பர்ஸின் டிராப் ஷாட் பலித்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய இரண்டு பந்துகள்தான்.

1910-இல் பெண்களுக்காகவே டென்னிஸ் பற்றி ஒரு நூல் எழுதினார். உடையைப் பற்றி அதில் சொன்னது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான யோசனை: மடிப்பு வைக்காத சாதாரணப் பாவாடை, தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும், சட்டையில் அலங்காரம் எதுவும் கூடாது. இன்று படித்தால் சிரிப்பு வரலாம். அதில் ஒரு விளையாட்டுக்காரரின் கவலை இருக்கிறது, துணி காலில் தட்டக்கூடாது என்ற கவலை. பிற்காலத்தில் அவரை வெறும் கார்செட் காலத்து மாது என்று ஓரங்கட்டியவர்கள் இந்த நான்கு அங்குலத்தைக் கவனிக்கவில்லை.

1919 ஜூலை 5

போரினால் 1915 முதல் 1918 வரை விம்பிள்டன் நடக்கவில்லை. 1919-இல் மீண்டும் தொடங்கியபோது நடப்புச் சாம்பியன், ஐந்தாண்டுக்கு முன்பு வென்ற சேம்பர்ஸ்தான். வயது நாற்பது, இன்னும் இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்று. எதிரே வந்தவர் இருபது வயது சுசான் லெங்லென். அப்பா சார்ல் லெங்லென் கோர்ட்டில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் பந்தை விழவைக்கச் சொல்லிப் பழக்கிய பெண். 15 வயதில் உலகக் களிமண் தரைப் பட்டத்தை வென்றிருந்தார், ஆனால் புல்தரைப் போட்டியில் இறங்கியது அதுவே முதல் முறை. இங்கேதான் சவால் சுற்றின் குணம் முழுதாகத் தெரிகிறது. புல்லே பழகாத லெங்லென் அந்தப் போட்டியில் சுற்றுச் சுற்றாக ஆடிப் புல்லைக் கற்றுக்கொண்டார். எத்தல் லார்கம், கிட்டி மெக்கேன், எலிசபெத் ரையன் எல்லாரையும் தாண்டி, கடைசியில் ஃபிலிஸ் சாட்டர்த்வைட்டை 6-1, 6-1 என்று முடித்துவிட்டு வந்தார். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு விம்பிள்டன் ஒற்றையரில் சேம்பர்ஸ் ஆடப்போகும் முதல் ஆட்டமே அந்தச் சவால் சுற்று.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் பார்க்க வந்திருந்தார்கள். சேம்பர்ஸ் முழுக்கைச் சட்டையும் நீளப் பாவாடையும் அணிந்திருந்தார். லெங்லென் கார்செட் இல்லாமல், கெண்டைக்கால் தெரியும் உடை, குட்டைக் கை, தளர்ந்த தொப்பி. இந்த இரண்டு உருவங்களையும் பக்கத்தில் வைத்து, "பழைய காலம் தோற்றது, புதிய காலம் வென்றது" என்று எழுதுவது எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது. ஸ்கோரைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது: 10-8, 4-6, 9-7. மொத்தம் 44 கேம். லெங்லென்னுக்கு 23, சேம்பர்ஸுக்கு 21. மகளிர் இறுதி ஆட்டத்தில் இதைவிட நீளமானது ஒன்று வர 1970 வரை ஆனது. மார்கரெட் கோர்ட், பில்லி ஜீன் கிங்கை 14-12, 11-9 என்று வென்ற அந்த ஆட்டம் 46 கேம்.

ஆறு-ஆறு என்று சமமானால் செட்டைச் சீக்கிரம் முடித்துவைக்கும் டை-பிரேக் அன்று கிடையாது, இரண்டு கேம் முன்னிலை வரும்வரை போக வேண்டும். பக்கம் மாறும்போது இன்று போல உட்கார நாற்காலியும் கிடையாது. விம்பிள்டனில் அது 1975-இல்தான் வந்தது. அதாவது 44 கேமும் நின்றபடி, நடந்தபடி, ஓடியபடி. லெங்லென்னுக்கு அப்பா பார்வையாளர் பக்கத்திலிருந்து காக்னாக் பிராந்தியில் தோய்த்த சர்க்கரைக் கட்டியைக் கொடுத்துத் தெம்பேற்றினார். சேம்பர்ஸ் முதல் செட்டை இழந்த பிறகும் ஆட்டத்தை மாற்றவில்லை. ஆழமாக அடிப்பது, முன்னே இழுப்பது, தலைக்கு மேல் லாப் தூக்குவது, மறுபடி பின்னுக்கு அனுப்புவது என்று இருபது வயதுக் கால்களை ஓடவிட்டார். இரண்டாவது செட் அவருக்கு. மூன்றாவதில் லெங்லென் 4-1 என்று முன்னே போனார். அந்த இடத்தில் நாற்பது வயதுக்காரர் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எட்டிப்பிடித்து, தாண்டி, 6-5 என்றாக்கி, 40-15-க்குக் கொண்டுவந்தார்.

இரண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது இரண்டில் ஒரு புள்ளி வென்றாலே ஆட்டம் அவருக்கு. முதலாவதில் சேம்பர்ஸ் லாப் தூக்கினார். லெங்லென் எட்டி மட்டையை நீட்டினார். பந்து நரம்பில் படவில்லை, மரச்சட்டத்தில் பட்டது. பட்ட பந்து வலையைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்தது. அன்றைய மர மட்டையின் முகப்பு ஏறத்தாழ 65 சதுர அங்குலம், இன்றைய மட்டைகளில் பல 100 சதுர அங்குலத்தை ஒட்டியவை. மரச்சட்டத்தில் பட்ட பந்து வழக்கமாக மேலே தெறிக்கும், அல்லது பக்கத்தில் போய் விழும், இல்லையென்றால் வலைக்கு முன்பே செத்துவிடும். வலையைத் தாண்டி, எட்ட முடியாத இடத்தில் விழ வேண்டுமானால் கோணம், விசை இரண்டும் தற்செயலாகப் பொருந்த வேண்டும். பொருந்திவிட்டது. இரண்டாவது மேட்ச் பாயிண்டையும் லெங்லென் காப்பாற்றினார். பிறகு அந்த கேமை, அப்புறம் 9-7 என்று செட்டை, அதோடு பட்டத்தையும் எடுத்தார்.

அந்த ஒரு பந்து சட்டத்தில் பட்டு வெளியே போயிருந்தால் சேம்பர்ஸுக்கு எட்டாவது பட்டம். நாற்பது வயதில் வென்றிருப்பார், 1908-இல் 37 வயதில் வென்ற ஸ்டெரியைத் தாண்டி விம்பிள்டனின் மிக மூத்த மகளிர் சாம்பியன் ஆகியிருப்பார். லெங்லென்னுக்கும் அதற்கடுத்த ஆண்டுகளில் எப்படியும் பட்டங்கள் வந்திருக்கும், அதில் எனக்கு ஐயமே இல்லை. அவர் மேதை. ஆனால் "புதிய காலம் பழையதைத் துடைத்தெறிந்த நாள்" என்ற கதையை யாரும் எழுதியிருக்க முடியாது. உடைதான் தீர்மானித்தது என்றால், அந்த உடையிலேயே 21 கேம் எப்படி வந்தது? வயதுதான் என்றால், மூன்றாவது செட்டில் 1-4-இலிருந்து எப்படி மீண்டார்? ஐந்தாண்டு விம்பிள்டன் இல்லாமல், அந்தப் போட்டியில் ஓர் ஒற்றையர் ஆட்டம்கூட ஆடாமல் நேராக இறங்கி இதைச் செய்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அவருடைய ஏழு வெற்றிகளில் எதுவும் இந்தத் தோல்விக்குப் பக்கத்தில் நிற்காது என்றே நினைக்கிறேன்.

தோற்ற பிறகு

ஓசியில் பட்டம் வாங்கினார் என்பவர்கள் பார்க்க வேண்டிய ஆண்டு 1920. அந்த முறை காத்திருந்தவர் லெங்லென். சேம்பர்ஸ் நாற்பத்தொரு வயதில் மற்ற எல்லாரோடும் சேர்ந்து கீழிருந்து ஆட வேண்டும். வரமாட்டார் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. வந்தார். அரையிறுதியில் மொல்லா மல்லரி, அமெரிக்கப் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்றவர், அப்போது முப்பதுகளில் நல்ல வலுவோடு ஆடிக்கொண்டிருந்தவர். அவரை 6-0, 6-3 என்று வென்றார். அடுத்து எலிசபெத் ரையன், இரட்டையர் ஆட்டத்தில் அந்தத் தலைமுறையின் பெரிய பெயர். அவரை 6-2, 6-1. இரண்டு ஆட்டத்திலும் ஒரு செட்கூட விடவில்லை. அதன் பிறகே லெங்லென்னிடம் 6-3, 6-0 என்று தோற்றார். அது சுத்தமான தோல்வி, ஒரே ஆண்டில் லெங்லென் புல்லை முழுதாகக் கைவசப்படுத்தியிருந்தார். ஆனால் லெங்லென் ஒருவரைத் தவிர வேறு யாராலும் அந்த ஆண்டு விம்பிள்டன் ஒற்றையரில் இவரை அசைக்க முடியவில்லை என்பதும் அதே பதிவேட்டில் இருக்கிறது. பதினொரு இறுதிகளில் நான்கு தோல்வி: இரண்டு மே சட்டனிடம், இரண்டு லெங்லென்னிடம். வேறு யாரிடமும் விம்பிள்டன் இறுதியில் அவர் தோற்றதில்லை.

1925-இல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டுக்கும் இடையிலான வைட்மன் கோப்பைக்காக நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸுக்குப் போன பிரிட்டிஷ் அணிக்கு அவர் தலைவர். வயது நாற்பத்தாறு. அந்தக் கோப்பையில் ஐந்து ஒற்றையர், இரண்டு இரட்டையர், மொத்தம் ஏழு ஆட்டம். ஒற்றையரில் எலினார் காஸை 7-5, 3-6, 6-1 என்று வென்றார். மூன்றாவது செட் 6-1 என்பதைக் கவனியுங்கள், களைத்துப்போனது இளையவர். இரட்டையரில் எர்மின்ட்ரூட் ஹார்வியோடு சேர்ந்து ஆடி 10-8, 6-1 என்று வென்றார். எதிரே நின்ற இருவரில் ஒருவர் மல்லரி. மற்றவர் மே சட்டன், இப்போது மே பண்டி, 1907-இல் விம்பிள்டன் பட்டத்தை இவரிடமிருந்து பறித்துப் போன அதே மே. பிரிட்டன் 4-3 என்று கோப்பையை வென்றது. நான்கில் இரண்டு சேம்பர்ஸ் கையால் வந்தவை.

1928-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், அவர் தொழில்முறைப் பயிற்சியாளரானார். சம்பளம் வாங்கி டென்னிஸ் சொல்லிக்கொடுத்தால் அமெச்சூர் தகுதி போய்விடும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டன் கதவு 1968 வரை மூடியே இருந்தது. தெரிந்தேதான் அந்தப் பக்கம் போனார், பிறகு பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். 1960 ஜனவரி 7-இல், 81 வயதில், லண்டனில் காலமானார்.